ஹெக்டரின் சொந்த ஊர் எது? வியாழன் பாதையில் செல்லும் மிகப் பெரிய சிறுகோள் பற்றி

கேள்வி

கொழும்பில் இரண்டு தமிழர் புதிதாக அறிமுகமானால் நாலாவது வசனத்துக்குள் "உங்கட சொந்த ஊர் எது?" என்ற கேள்வி வந்துவிடும். ஜிந்துப்பிட்டியில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கடை வைத்திருப்பவர்கூட அதற்கு ஜிந்துப்பிட்டி என்று பதில் சொல்வதில்லை. பாட்டனார் தோணியேறிய தூத்துக்குடியையோ, இராமநாதபுரத்துக் கிராமமொன்றையோ, யாழ்ப்பாணத்தையோ, மலையகத் தோட்டமொன்றையோ சொல்வார். இருக்கும் இடம் வேறு, வந்த இடம் வேறு என்று பிரித்துப் பார்ப்பது எங்களுக்குப் பழகிய சிந்தனை. அதே கேள்வியை, சூரியனிலிருந்து ஏறக்குறைய 78 கோடி கிலோமீற்றர் தொலைவில் சுற்றும் ஒரு பாறையிடம் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தப் பாறையின் பெயர் ஹெக்டர். சிறுகோள் பட்டியலில் அதன் எண் 624. வியாழன் சூரியனைச் சுற்றும் அதே பாதையில், வியாழனுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பெருங்கூட்டங்கள் செல்கின்றன. இவற்றை ட்ரோஜன் சிறுகோள்கள் என்பார்கள். இதுவரை 10,000க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. அவற்றுள் மிகப் பெரியது ஹெக்டர். நீளம் 400 கிலோமீற்றர் அளவு, அகலம் அதில் பாதி. இலங்கையின் நீளம் 432 கிலோமீற்றர், அதிகூடிய அகலம் 224 கிலோமீற்றர். பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை கிடக்கும் எங்கள் தீவு கரிபோல் கறுத்து, பரப்பிலுள்ள அகலத்தையே ஆழமாகவும் பெற்று, ஏழு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தலைகால் மாறிச் சுழல்வதாக எண்ணிக்கொண்டால் ஹெக்டரின் உருவம் பிடிபடும்.

இப்படியொன்று எங்கே உருவானது? வியாழனின் அயலில் பிறந்து, அதன் ஈர்ப்புக்குள் வளர்ந்து, இன்றும் பிறந்த இடத்திலேயே இருக்கிறதா? அல்லது நெப்டியூனுக்கு அப்பால் உறைந்த வெளியில் உருவாகி, ஞாயிற்றுத் தொகுதியில் நிகழ்ந்த பெருங்குழப்பம் ஒன்றில் இடம்பெயர்ந்து வந்து இங்கே சிக்கிக்கொண்டதா? இரண்டாவது பதில் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. வெகுசன எழுத்துகள் அதை நிரூபிக்கப்பட்ட உண்மையாகவே கூறிவிடுகின்றன. அந்த ஏற்பு எந்த ஆதாரத்தின்மேல் நிற்கிறது, எந்த ஆதாரம் அதைத் தாங்காது என்பதைப் பிரித்தறிய வேண்டியுள்ளது.

குருவுக்கு இரண்டு ராசி முன்னே

ட்ரோஜன்களின் இருப்பிடத்தை விளக்க எங்களிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. குருப்பெயர்ச்சியன்று ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையுமாக நிற்கும் கூட்டத்தில் எவரைக் கேட்டாலும், குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஓராண்டு தங்குவார் என்று சொல்வார். பலாபலன்களை ஒதுக்கிவிட்டால் இது துல்லியமான அவதானிப்பு. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டுகள் எடுக்கிறது. பிரபவ முதல் அட்சய வரையான எங்கள் 60 ஆண்டு வட்டம், வியாழனின் ஐந்து சுற்றுக்களை ஒட்டி அமைந்தது.

ஒரு ராசி 30 பாகை. ஹெக்டர் இருக்கும் கூட்டம் வியாழனுக்கு 60 பாகை முன்னே, அதாவது இரண்டு ராசி முன்னே செல்கிறது. குரு மேஷத்தில் இருந்தால் அந்தக் கூட்டத்தின் நடு மிதுனத்தை ஒட்டி இருக்கும். இதை நான் அயல்வீட்டு அம்மா ஒருவருக்குச் சொன்னபோது, "அப்ப குரு வர முதலே அது அங்க போயிருக்கும், என்ன தம்பி?" என்று கேட்டார். கணிதவியலாளர் லக்ராஞ்ச் கணித்ததை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்ல முடியாது.

ஜிந்துப்பிட்டி மொட்டைமாடியில் நின்றே இதைப் பார்க்கலாம். துறைமுக விளக்குகளின் வெளிச்சத்தையும் மீறி வியாழன் தெரியும். சாதாரண இருகண் தொலைநோக்கி ஒன்றைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் அதன் பக்கத்தில் நிலவுகள் புள்ளிகளாக வரிசை கட்டும். கையை முழுதாக நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் 10 பாகை. வியாழனிலிருந்து கிழக்கே ஆறேழு முட்டி அளந்தால் ஹெக்டரின் கூட்டம் இருக்கும் திசை கிடைக்கும். 60 பாகை என்பது சூரியனிலிருந்து பார்த்த கணக்கு. நாம் பூமியில் நிற்பதால், வியாழன் நள்ளிரவில் உச்சிக்கு வரும் காலத்தில் அந்த இடைவெளி 70 பாகையாகத் தோன்றும். முன்னே செல்வது கிழக்கே இருப்பதால் வியாழன் உதித்து நாலரை மணித்தியாலத்துக்கு மேல் ஆன பின்பே அது உதிக்கும். அந்த இடத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெறுங்கண்ணால் காணக்கூடிய மிக மங்கலான விண்மீனைவிட ஹெக்டர் ஆயிரம் மடங்குக்கும் மேல் மங்கலானது.

இந்த இடத்துக்கு என்ன விசேடம்? சூரியன், வியாழன், மூன்றாவதாக ஒரு சிறு பொருள் ஆகிய மூன்றும் ஒரு சமபக்க முக்கோணியின் உச்சிகளில் நின்றால், அந்த முக்கோணி உருக்குலையாமல் சுழல முடியும் என்று ஜோசப் லூயி லக்ராஞ்ச் 1772இல் காட்டினார். இரண்டு பெரும் பொருள்களின் இழுப்பும் சேர்ந்து, அந்த இடத்தில் சுற்றுவதற்கு வேண்டிய விசையைச் சரியாகக் கொடுத்துவிடுகிறது. சிறிது விலகினாலும் பொருள் திரும்பி வரும். ஹெக்டர் பின்தங்கி வியாழனை நெருங்கினால், வியாழன் அதைப் பின்னோக்கி இழுக்கும். அந்த இழுப்பால் சக்தி குறைந்து அது சூரியனை நோக்கிச் சற்று இறங்கும். இறங்கிய பாதையில் வேகம் கூடுமாதலால் வியாழனைவிட்டு மறுபடி முன்னே சென்றுவிடும். பின்னே இழுக்கப்பட்டது முன்னே போவது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றினாலும் சுற்றுப்பாதையின் பௌதிகவியல் அப்படித்தான் நடக்கிறது. வியாழனோடு சேர்ந்து சுழலும் ஒருவர் பார்த்தால், இந்த ஊசலாட்டம் தலைப்பிரட்டையின் வடிவில் நீண்ட வளைவாகத் தெரியும். ஒரு முறை ஊசலாடி முடிய ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகும்.

இந்த உறுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பெரிய பொருளின் திணிவு, அடுத்த பொருளின் திணிவைப்போல் ஏறக்குறைய 25 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். சூரியன் வியாழனைவிட 1,047 மடங்கு திணிவுடையது. ஆகவே ஹெக்டர் இங்கே நிலைத்திருப்பதில் வியப்பில்லை. இங்கே வந்து சேர்ந்தது எப்படி என்பதே புதிர். உறுதியான இடத்தைவிட்டு ஒரு பொருள் வெளியேறுவது எவ்வளவு கடினமோ, வெளியிலிருந்து ஒரு பொருள் அதற்குள் நுழைவதும் அவ்வளவு கடினம்.

திருகோணமலையில் வியாழன், ஹைடெல்பேர்க்கில் ஹெக்டர்

ட்ரோஜன்களின் கண்டுபிடிப்பு வரலாற்றில் இலங்கைக்கு நேரடிப் பங்கில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் வியாழனை உலகிலேயே மிகக் கவனமாகப் பார்த்தவர்களுள் ஒருவர் இங்கே இருந்தார். பேர்சி பிரேபுரூக் மோல்ஸ்வேர்த் 1867இல் கொழும்பில் பிறந்தவர். இலங்கைப் புகையிரதப் பாதையை அமைத்த பொறியியலாளர் கில்போர்ட் மோல்ஸ்வேர்த்தின் மகன். பிரித்தானிய இராணுவப் பொறியியற் படையில் அதிகாரியாகத் திருகோணமலையில் பணிபுரிந்தபோது, சொந்தத் தொலைநோக்கியை நிறுவி, வியாழனின் பட்டைகளையும் புள்ளிகளையும் இரவிரவாக வரைந்து நேரங்குறித்தார். வியாழனின் தென்பகுதியில் தோன்றிப் பல பத்தாண்டுகள் நீடித்த பெருங்கலக்கத்தை 1901இல் முதலில் கண்டவர் அவரே. 1908 டிசம்பரில் திருகோணமலையில் காலமானார். செவ்வாயில் ஒரு பெருங்குழிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

அவர் காலமானபோது நான்கு ட்ரோஜன்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. அவற்றில் எதையும் அவர் கண்டிருக்க வழியில்லை. அவருடைய திறமைக்கு இதில் குறையில்லை. வியாழனைப் பார்ப்பவரின் பார்வைக் களம் ஒரு பாகைக்கும் குறைவு. ட்ரோஜன்கள் அங்கிருந்து அறுபது எழுபது பாகை தள்ளி, பல்லாயிரம் விண்மீன்களுக்கு நடுவே மங்கிய புள்ளிகளாக இருக்கின்றன. அவற்றைப் பிடிக்கக் கண்ணைவிடப் பொறுமையான ஒன்று வேண்டியிருந்தது. ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் மக்ஸ் வொல்ப் 1891 முதல் ஒளிப்படத் தகடுகளைக் கொண்டு சிறுகோள் தேடினார். நெடுநேரம் ஒளி விழவிட்டால் விண்மீன் புள்ளியாகவும், நகரும் சிறுகோள் சிறு கோடாகவும் தகட்டில் பதியும். 1906 பெப்ரவரியில் அப்படிப் பதிந்த கோடு ஒன்று வழக்கத்துக்கு மாறாகக் குறுகியிருந்தது. மெதுவாக நகர்கிறது என்றால் தொலைவில் இருக்கிறது என்று பொருள். அதுவே 588 அக்கிலீஸ். அது லக்ராஞ்சின் புள்ளியில் இருப்பதைச் சுவீடனின் லுண்ட் நகரத்து வானியலாளர் கார்ல் சார்லியர் உணர்ந்து சொன்னார். 134 ஆண்டுகள் கணிதமாக மட்டும் இருந்த முக்கோணிக்கு அன்றுதான் மூன்றாவது உச்சி கிடைத்தது.

வொல்பின் உடன்பணியாளர் ஓகஸ்ட் கொப்ப் அதே ஆண்டு ஒக்டோபரில் பத்ரோக்குலஸையும், 1907 பெப்ரவரி 10இல் ஹெக்டரையும் கண்டார். அமெரிக்காவில் எட்வேர்ட் பார்னார்ட் 1904இலேயே ஒரு ட்ரோஜனைப் பார்த்துக் குறித்திருந்தார். ஆனால் அது இன்னதென்று அவர் அறியவில்லை. 1999இல்தான் அந்தக் குறிப்பு அடையாளம் காணப்பட்டது. கண்ணில் பட்டதற்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே 95 ஆண்டுகள் நின்றன.

தமிழகத்திலும் இத்துறைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. நோர்மன் பொக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்திலிருந்து கண்ட சிறுகோளுக்கு 'ஏசியா' என்று பெயர் வைத்தார். ஆசிய மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதற் சிறுகோள் அது. ஆர். ராஜமோகன் 1988இல் காவலூரிலிருந்து கண்டது 4130 இராமானுஜன். இரண்டும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பட்டையைச் சேர்ந்தவை, ட்ரோஜன்கள் அல்ல.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். இலியட் காவியத்து வீரர் பெயர்களை முன்மொழிந்தவர் வியன்னாவின் யொஹான் பலிசா. முன்னே செல்லும் கூட்டத்துக்குக் கிரேக்கர் பெயர், பின்னே வரும் கூட்டத்துக்கு ட்ரோய் நகரத்தார் பெயர் என்ற முறை பிற்பாடு வந்தது. அதற்குள் ட்ரோயின் தலைமகன் ஹெக்டர் கிரேக்கர் பாசறையிலும், கிரேக்கனான பத்ரோக்குலஸ் ட்ரோயர் பாசறையிலும் பதிவாகிவிட்டார்கள். விபீடணன் தானாக விரும்பி மறுபக்கம் போனான். ஹெக்டருக்கு அது பட்டியல் இட்டவர்களால் நேர்ந்தது. பெயரைக் கொண்டு ஊரைத் துணிவதில் உள்ள சிக்கலை ஜிந்துப்பிட்டிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. போர்த்துக்கேயரின் 'சாந்தோமே' எங்கள் தெருவின் பெயருக்குள் ஒளிந்திருப்பதாகச் சொல்வார்கள். அந்தப் பெயரைப் பார்த்து இங்கே யார் வாழ்கிறார்கள் என்று எவரும் ஊகிக்க முடியாது.

ஒரு உடலா, இரண்டா?

பிறப்பிடத்துக்கு முன், பொருள் என்னவென்று தெரிய வேண்டும். ஹெக்டரின் ஒளி சீராக இருப்பதில்லை. 6.92 மணித்தியாலச் சுழற்சியில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. சில ஆண்டுகளில் உச்ச ஒளி தாழ்ந்த ஒளியைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் வருகிறது. வேறு ஆண்டுகளில் வித்தியாசம் மிகச் சிறிதாகிவிடுகிறது. டன்லப், கெரல்ஸ் இருவரும் 1969இல் இதை ஆராய்ந்து, நீண்ட உருவம் ஒன்று சுழல்கிறது என்றனர். நீளப்பக்கம் தெரியும்போது ஒளி கூடும், முனை தெரியும்போது குறையும். சுழலச்சின் திசையிலிருந்தே பார்க்க நேர்ந்தால் மாற்றம் தெரியாது.

அதற்கு வேறு விளக்கமும் உண்டு. ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் கறுத்தும் இருந்தாலும் ஒளி மாறும். ஹார்ட்மனும் குரூக்சாங்கும் 1970களின் பிற்பகுதியில் இதைச் சோதித்த விதம் மெச்சத்தக்கது. கறுத்த பரப்பு ஒளியைக் குறைவாகத் திருப்பும், ஆனால் வெயிலை உறிஞ்சி அதிக வெப்பத்தை வீசும். ஆகவே காரணம் நிறமானால், ஒளி குறையும்போது வெப்பம் கூட வேண்டும். காரணம் உருவமானால் இரண்டும் சேர்ந்தே கூடிச் சேர்ந்தே குறைய வேண்டும். அளந்தபோது சேர்ந்தே கூடின, சேர்ந்தே குறைந்தன. காரணம் உருவம்தான் என்று உறுதியானது. இவ்வளவு பெரிய உடல் இவ்வளவு நீண்டிருப்பது இயல்பல்ல என்பதால், இரண்டு உடல்கள் மெதுவாக வந்து ஒட்டியிருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

2006 ஜூலையில் ஹவாயின் கெக் தொலைநோக்கியால் பிராங்க் மார்ச்சிசும் குழுவினரும் ஹெக்டருக்கு ஒரு நிலவு இருப்பதைக் கண்டனர். குறுக்களவு ஏறக்குறைய 12 கிலோமீற்றர். இன்று அதன் பெயர் ஸ்கமாண்ட்ரியஸ், காவியத்தில் ஹெக்டரின் குழந்தையின் பெயர். 12 கிலோமீற்றர்க் கல் ஒன்று ஏன் முக்கியம்? நிலவு இருந்தால் தாய்ப்பொருளை நிறுக்கலாம். எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால் கெப்லரின் மூன்றாம் விதி திணிவைத் தந்துவிடும். மூன்று நாளைக்கு ஒரு சுற்று என்ற கணக்கிலிருந்து 2014இல் அவர்கள் பெற்ற சராசரி அடர்த்தி, கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1 கிராம், பிழை எல்லை 0.3. தண்ணீரின் அடர்த்தி அது. உருவத்துக்கு உடற்பயிற்சிக் குண்டுபோல் இரண்டு தலைகள் ஒட்டிய வடிவம் பொருந்தியது. நிலவின் பாதை ஹெக்டரின் நடுக்கோட்டுக்கு 50 பாகை சாய்ந்திருந்தது. ஆய்வாளர்கள் எதிர்பாராத சாய்வு அது.

மூன்று சாட்சிகள்

பிறப்பிட வழக்கில் முதற் சாட்சி இந்த அடர்த்தி. வெஸ்டா சிறுகோளின் அடர்த்தி 3.4, சீரஸின் அடர்த்தி 2.2 அளவு. ஹெக்டர் 1 என்றால் அதில் பெரும்பகுதி பனியாக இருக்க வேண்டும், பனி மிகுந்தது என்றால் குளிர்ந்த தொலைவில் பிறந்தது என்று வாதிடுகிறார்கள். இந்த வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. உள்ளே வெற்றிடம் மிகுந்த பாறைக் குவியலுக்கும் அடர்த்தி குறையும். எவ்வளவு பனி, எவ்வளவு வெற்றிடம் என்று பிரிக்க இந்த ஒற்றை எண்ணால் முடியாது. மேலும், வியாழனின் தூரத்திலேயே பனி உறையும். வியாழனின் நிலவுகளான கனிமீடும் கலிஸ்டோவும் பாதியளவு பனி கொண்டவை. அவை நெப்டியூனுக்கு அப்பாலிருந்து வந்தவை என்று எவரும் சொல்வதில்லை.

இரண்டாம் சாட்சி மேற்பரப்பு. ஹெக்டர் மிகக் கறுத்தது, சிவப்புச் சாயல் உடையது. இத்தகையவற்றை 'டி' வகை என்பர். ஜோசுவா எமரியும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பிற்சர் விண்தொலைநோக்கி செந்நிறக்கீழ்க் கதிர்களில் ஹெக்டரின் மேல் நுண்ணிய சிலிக்கேற்றுத் தூசியைக் காட்டியது. வால்வெள்ளிகளைச் சூழும் தூசியில் காண்பதை ஒத்த அடையாளம் அது. ஊர்ப்பேச்சு வழக்கைக் கேட்டு ஆளை அடையாளம் காண்பதுபோல, வால்வெள்ளியின் சாயலைக் கேட்டு ஹெக்டரும் அந்தப் பக்கத்து ஆள்தான் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் நெப்டியூனுக்கு அப்பால் உள்ளவற்றுள் கணிசமானவை மிகக் கடுஞ்சிவப்பாக இருக்க, ட்ரோஜன்களில் அந்தக் கடுஞ்சிவப்பு ஒன்றிலும் இல்லை. வந்த இடத்தில் இருக்கும் நிறம் வந்தவர்களிடம் இல்லாதது ஏன்? இயன் வொங், மைக்கல் பிரவுன் இருவரும் 2016இல் ஒரு விடை முன்வைத்தனர். ஐதரசன் சல்பைட்டு உறைந்து தங்கிய தொலைவில் இருந்தவை கடுஞ்சிவப்பாயின, அதற்கு உட்பட்ட தூரத்தில் இருந்தவை அதை ஆவியாக இழந்து மென்சிவப்பாயின, ட்ரோஜன்கள் வெப்பத்தில் மேலும் மாறின என்பது அதன் சாரம். அழகான விளக்கம். ஆனால் முரண்பாடு தெரிந்த பிறகு அதைத் தீர்க்க வந்த விளக்கம் என்பதால், தனியே சோதிக்கப்படும்வரை அதைச் சாட்சியாக எண்ணக் கூடாது.

இதில் ஹெக்டருக்கு மட்டும் உரிய ஒரு தகவல் இருக்கிறது. பண்டைய மோதல் ஒன்றில் ஹெக்டரிலிருந்து சிதறிய துண்டுகள் ஒரு குடும்பமாக இன்றும் அதனோடு செல்வதை ரோசெனாலும் குழுவினரும் 2016இல் காட்டினர். அந்தத் துண்டுகளும் 'டி' வகையே. அப்படியானால் கறுஞ்சிவப்பு தோலில் மட்டும் உள்ளதல்ல, சதையிலும் உள்ளது எனலாம். துண்டுகளும் நெடுங்காலம் விண்வெளியில் காய்ந்து நிறம் மாறியிருக்கலாம் என்பதால் இதையும் முழுமையாக நம்ப முடியாது. என்றாலும், மேற்பரப்புச் சாட்சியங்களுள் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

மூன்றாம் சாட்சி, பாதையின் சாய்வு. வழக்கைத் தீர்மானிப்பது இதுவே. ஹெக்டரின் பாதை 18 பாகை சாய்ந்திருக்கிறது. ராசிச் சக்கரத்தை ஒட்டிச் செல்லும் குருவைப் போலன்றி, அது அதைவிட்டு மேலேறியும் கீழிறங்கியும் செல்கிறது. இரண்டு ராசி முன்னே என்று மேலே சொன்ன கணக்கில், முட்டி அளந்த இடத்திலிருந்து வடக்கிலோ தெற்கிலோ இன்னும் இரண்டு முட்டி தேட வேண்டிவரும். மற்ற ட்ரோஜன்கள் சில 40 பாகை வரை சாய்ந்துள்ளன.

ஞாயிற்றுத் தொகுதி தட்டையான வாயுத் தட்டொன்றிலிருந்து பிறந்தது. அந்தத் தட்டில் வியாழனின் அயலில் உருவானவை தட்டோடு தட்டாகவே செல்ல வேண்டும். வளரும் வியாழன் பக்கத்தில் இருந்தவற்றை ஈர்த்து இந்தப் புள்ளிகளில் சேர்த்திருக்கும் என்பது பழைய கருத்து. திணிவு கூடக் கூட ஊசலாட்டம் சுருங்கி அவை உள்ளே உறுதியாகிவிடும் என்பதையும் கணக்குகள் காட்டின. ஆனால் அந்த வழி எதுவும் பாதையைச் சாய்ப்பதில்லை. பழைய கருத்து இடறி விழுந்த இடம் அதுதான்.

மோர்பிடெல்லி, லெவிசன், சிகானிஸ், கோமெஸ் ஆகியோர் 2005இல் முன்வைத்த கருத்து சாய்விலிருந்தே தொடங்குகிறது. பெருங்கோள்கள் இடம்மாறிய காலமொன்றில் ட்ரோஜன் புள்ளிகளின் உறுதி குலைந்தது. அங்கே முன்பு இருந்தவை வெளியேறின. நெப்டியூன் பக்கத்து வெளிப்பட்டையிலிருந்து சிதறி, பல கோணங்களில் சாய்ந்து அலைந்தவை அவ்வழியே கடந்துகொண்டிருந்தன. கோள்களின் பாதை மறுபடி ஒழுங்குக்கு வந்த கணத்தில் உள்ளே இருந்தவை அகப்பட்டுக்கொண்டன. 2013இல் நெஸ்வோர்னியும் குழுவினரும் இதைத் திருத்தினர். பனிக்கோள் ஒன்று வியாழனை நெருங்கி, வியாழனின் பாதை திடீரெனத் தாவியபோது இது நடந்தது என்றனர். கணனியில் நடத்திய இந்தச் சோதனைகளில் கிடைத்த சாய்வுகளின் பரம்பல், வானத்தில் காணும் பரம்பலோடு பொருந்துகிறது.

எதிர்வாதமும் என் முடிவும்

சார்லியரின் அதே லுண்ட் நகரத்திலிருந்து 2019இல் ஓர் எதிர்வாதம் வந்தது. சிமோனா பிரானியும் குழுவினரும், வியாழனின் கரு இன்றைய இடத்தைவிட மிகத் தொலைவில் உருவாகி உள்நோக்கி நகர்ந்தது, வரும் வழியில் தன் ட்ரோஜன்களையும் கூட்டிவந்தது என்றனர். இதில் ஒரு பெரிய பலம் உண்டு. முன்கூட்டத்தில் பின்கூட்டத்தைவிட எண்ணிக்கை அதிகம். உள்நோக்கிய நகர்வு முன்கூட்டத்துக்கே சாதகமாக இருப்பதை அவர்களின் கணக்கு இயல்பாகக் காட்டியது. ஹெக்டர் தொலைவில் பிறந்தது, ஆனால் வியாழனோடு ஒரே ஊரில் பிறந்தது என்பதே இதன் பொருள். குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சாய்வு இங்கும் தானாகக் கிடைக்கவில்லை. பெரிய கருக்கோள்கள் சில கூட்டத்துக்குள் இருந்து மற்றவற்றைக் கலைத்திருக்க வேண்டும் என்று தனியாக ஒன்றைச் சேர்க்க நேர்ந்தது. மறுபுறம், தாவும் வியாழன் கருத்தில், நெருங்கிவந்த பனிக்கோள் ஒரு கூட்டத்தை ஊடறுத்துச் சிலவற்றைத் துரத்தியிருந்தால் எண்ணிக்கை வேறுபாட்டுக்கும் விளக்கம் கிடைக்கிறது.

ஆகவே சிக்கிக்கொண்டது என்ற பதிலையே நான் ஏற்கிறேன். ஏற்பதற்குக் காரணம் அடர்த்தியும் அல்ல, நிறமும் அல்ல, சாய்வுகளின் பரம்பல். இங்கே ஒரு முறையியல் எச்சரிக்கையும் அவசியம். பரம்பல் என்பது கூட்டத்தின் பண்பு. ஹெக்டரின் 18 பாகையை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. பிற்கால மோதல் ஒன்றுகூட ஒரு தனிப்பாதையைச் சற்று மாற்றலாம். கூட்டம் வெளியிலிருந்து வந்தது என்பதிலிருந்து ஹெக்டரும் வெளியிலிருந்து வந்தது என்பது நிகழ்தகவாகவே கிடைக்கிறது. "இந்தத் தெருவில் பெரும்பாலானோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்" என்பதால் இந்த வீட்டுக்காரரும் அப்படித்தான் என்று சொல்வது எவ்வளவு சரியோ, அவ்வளவு சரி. நிலவையும் நான் சாட்சிக்கு அழைக்கமாட்டேன். பத்ரோக்குலஸ் சம அளவான இரட்டையாகத் தப்பியிருப்பதை வைத்து, கோள்களின் இடப்பெயர்வு தொடக்கத்தின் 10 கோடி ஆண்டுகளுக்குள் நடந்தது என்று நெஸ்வோர்னி குழுவினர் 2018இல் வாதிட்டது ஏற்கத்தக்கது. ஸ்கமாண்ட்ரியஸ் பிற்கால மோதலில் பிறந்த பிள்ளையாக இருக்கலாம் என்பதால் அதைக் கொண்டு அவ்வாறு வாதிட இயலாது.

இனி

2021 ஒக்டோபர் 16இல் புறப்பட்ட நாசாவின் லூசி விண்கலம் 2027 ஓகஸ்டில் ஹெக்டர் இருக்கும் முன்கூட்டத்தை அடைய உள்ளது. யூரிபேட்டஸ், பொலிமெலி, லூக்கஸ், ஓரஸ் ஆகியவற்றை 2028 நவம்பருக்குள் கடந்து, 2033 மார்ச்சில் பின்கூட்டத்தில் பத்ரோக்குலஸை அடைவது திட்டம். லூக்கஸும் ஓரஸும் ஹெக்டரைப்போல் 'டி' வகை. அவற்றின் அடர்த்தியும் குழிகளின் உட்சுவர் நிறமும் தெரிந்தால், மேலே நான் ஒதுக்கிவைத்த முதல் இரண்டு சாட்சிகளையும் மீண்டும் விசாரிக்கலாம். குழிக்குள்ளும் அதே கறுஞ்சிவப்பு இருந்தால் நிறத்தின் சாட்சியம் பலம் பெறும். உள்ளே வேறொன்று தெரிந்தால் வெளிப்பட்டையோடு ஒப்பிட்டதையே மறுபரிசீலிக்க வேண்டும்.

லூசியின் பட்டியலில் ஹெக்டர் இல்லை. அதன் பாதை விண்கலத்தின் வழியில் அமையவில்லை. ஆகவே ட்ரோஜன்களில் மிகப் பெரியதைப் பற்றிய அறிவு இன்னும் பல ஆண்டுகளுக்குப் பூமியிலிருந்து பார்ப்பவர்களைச் சார்ந்தே இருக்கும். மொறட்டுவை கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்திடம் ஜப்பான் அன்பளித்த 45 சென்ரிமீற்றர்த் தொலைநோக்கி இருக்கிறது. அதிற் பாதியளவு கருவியும் ஒரு நல்ல கமெராவும் இருந்தாலே ஹெக்டரின் புள்ளி பதியும். அதன் முழுச் சுழற்சி ஏழு மணித்தியாலத்துக்குள் முடிவதால் ஒரே நீண்ட இரவில் முழு ஒளிவரைபையும் எடுத்துவிடலாம். கொழும்பின் வெளிச்சம் இதற்கு உதவாது. வன்னியிலோ, மட்டக்களப்பின் மேற்கிலோ, மன்னாரிலோ இருள் இன்னும் மிச்சமிருக்கிறது. அங்குள்ள பாடசாலை வானியல் கழகங்களிடமும் பௌதிகவியல் ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் இது: ஹெக்டர் நள்ளிரவில் உச்சிக்கு வரும் பருவத்தில் ஓரிரவை ஒதுக்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்டு ஒளியைக் குறியுங்கள். வரைபை மாணவர் கையாலேயே வரையவிடுங்கள்.